கட்டு மட்டும் போடவும்

கும்மிடிப்பூண்டி
3-10-1974

ஆராவமுதன் சார் அவர்களுக்கு, தானியேல் எழுதுவது.

இங்கே நான், செண்பகம், மகள் விக்டோரியா, கரண்ட் இல்லாத லேத் மிஷின் எல்லாரும் நலம். வாரத்தில் மூன்று நாள்தான் கம்பெனிக்குக் கரண்ட் வருகிறது. மீதி நாளில் கேட்டில் சீட்டு ஒட்டி எங்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இருபது வருஷம் இரும்பு கடைந்த டர்னர் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறேன். அதிலும் அளவு சரியில்லை என்று செண்பகம் ரிஜெக்ட் செய்கிறாள்.

செவ்வாய்க்கிழமை பஸ் கண்டக்டர் பரசுராமன் உங்கள் செம்மரக் குழலைக் கொண்டுவந்து கொடுத்தார். துண்டில் சுற்றியிருந்ததைப் பார்த்து ஊத்துக்கோட்டையில் ஏறிய ஒரு அம்மா "உள்ள பாம்பு கீதா?" என்று கேட்டுவிட்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார்களாம்.

சார், நல்ல நேரத்தில் அனுப்பினீர்கள். விரிசல் வாய்த்துளைக்கு அரை அங்குலம் கிட்டே வந்துவிட்டது. மெழுகு தடவிய நூலை நெருக்கிச் சுற்றி, மேலே மெல்லிசாக ஒரு பித்தளை வளையமும் போட்டேன். காற்று கசிகிறதா என்று பார்க்க வாயில் வைத்து ஊதுவதைத் தவிர வேறு மிஷின் எங்கள் கம்பெனியில் இல்லை. ரெண்டு நிமிஷம் என்று ஆரம்பித்தேன். அரை மணி நேரம் போய்விட்டது. என்ன குரல் சார் அதற்கு! உங்களிடம் இருக்கிற மற்ற பதினெட்டுக் குழலையும் ஆறு வருஷமாக முறை வைத்து ஊதிப் பழக்கியவன் நான். மூர் மார்க்கெட்டில் வாங்கிய கருங்காலி, வெள்ளிச் சாவி வைத்த மிலிட்டரி பேண்டு குழல், எல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் இதுதான் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதா கோயிலில் பாடுகிற பாட்டு மூன்று வாசித்தேன். "நைனா, இன்னிக்கி நீ வாசிச்சது பாட்டு மாதிரியே இருந்திச்சி" என்று விக்டோரியா சொன்னாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகளிடம் இதைவிடப் பெரிய பட்டம் வாங்க முடியாது.

உங்கள் மூச்சுக்கு இந்த ஒரு குழல்தான் தாங்கும் என்று சொல்வீர்களே. அதனால் சீக்கிரம் முடித்துவிட்டேன். சனிக்கிழமை பரசுராமனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தானியேல்


திருவள்ளூர்
5-10-1974

ஸ்ரீ.

தானியேலுக்கு,

உமது கடிதம் இன்று காலைத் தபாலில் வந்தது. மாலையில் பரசுராமன் குழலோடு வந்தான். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அவனிடம் காரணமும் சொல்லவில்லை.

துண்டுக்குள் ஒரு சீட்டு வைத்திருந்தேன். "கட்டு மட்டும் போடவும்" என்று எழுதி, "மட்டும்" என்பதன் கீழே கோடும் போட்டிருந்தேன். கோர்ட்டில் இருபத்தெட்டு வருஷமாக நகல் எழுதுகிறவன். கோடு போடத் தேவையில்லாத இடத்தில் போடமாட்டேன்.

அரை மணி நேரம் ஊதியதாக எழுதியிருப்பது உண்மைதானா, அல்லது உம் வழக்கப்படி விளையாட்டா? விளையாட்டு என்றால் உடனே எழுதவும்.

அதுவரை குழல் உம்மிடமே இருக்கட்டும்.

ஆராவமுதன்


கும்மிடிப்பூண்டி
10-10-1974

ஆராவமுதன் சாருக்கு,

விளையாட்டு இல்லை. அரை மணி நேரம் என்பதுகூடக் குறைத்து எழுதியது. செண்பகம் கணக்குப்படி முக்கால் மணி.

பரசுராமன் திரும்பி வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இன்னா தானியேலு, இன்னா தகராறு உங்க ரெண்டு பேருக்கும்? அய்யரு கதவாண்டயே நின்னுக்கினு, எடுத்துக்கினு போன்னுட்டாரு. கைல கூட வாங்கல. ஜனங்க பாக்குறாங்க. எனக்கு ஒரே பேஜாரா பூட்ச்சி." நீங்கள் அய்யர் இல்லை, ஐயங்கார் என்று பல தடவை சொல்லிவிட்டேன். அவருக்கு டிக்கெட் விலையைத் தவிர எதுவும் ஞாபகம் நிற்காது.

சீட்டைப் பார்த்தேன் சார். "மட்டும்" என்றால் பாலிஷ் போடாதே, துளையைச் சீண்டாதே என்று எடுத்துக்கொண்டேன். தொழில்காரனுக்கு அப்படித்தான் தோன்றும்.

என்ன தப்பு செய்தேன் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். வளையம் போட்டது பிடிக்கவில்லையா? இழுத்தால் வந்துவிடும். என் வாசிப்பு பிடிக்கவில்லையா? மோசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருவள்ளூர் வரை கேட்டிருக்காது. செண்பகம், "நீ இன்னாத்தையோ எக்கச்சக்கமா எழுதியிருப்பே, அதான் அவருக்குக் கோவம்" என்கிறாள். கல்யாணமாகி பதினேழு வருஷம் ஆகிறது. தப்பு யாருடையது என்று தேடி அவள் நேரத்தை வீணாக்குவதில்லை.

நேராகச் சொல்லிவிடுங்கள் சார். எட்டாம் வகுப்புப் படித்தவனுக்குச் சுற்றிச் சொன்னால் புரியாது.

தானியேல்


திருவள்ளூர்
18-10-1974

ஸ்ரீ.

தானியேலுக்கு,

நான்கு தாள் எழுதிக் கிழித்தாயிற்று. இது ஐந்தாவது.

அந்தக் குழல் அகத்தில் பெருமாளுக்கு முன்னால் விடியற்காலையில் ஊதுகிற குழல். ஐம்பத்தெட்டில் திருப்பதிப் பக்கம் ஒரு கடைசல்காரரிடம் நானும் என் மனைவி ஸத்யபாமாவும் போய் வாங்கினோம். அவள் பாடுவாள், நான் ஊதுவேன். நான்கு வருஷம் முன்னால் அவள் போய்விட்டாள். பாட்டு போயிற்று. ஊதுவது மட்டும் மிச்சம்.

அதை என் வாயைத் தவிர வேறு வாய் தொட்டதில்லை. தொட்டால் எச்சில், பெருமாளுக்கு முன் எடுக்க முடியாது. இது உம்மைப் பற்றியதல்ல. என் மகள் கோதைநாயகி ஏழு வயதில் அதை உதட்டருகே கொண்டுபோனாள் என்று கையில் ஓர் அடி வைத்தவன் நான். இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இந்தத் தாளையும் கிழிக்க வேண்டியதுதான். எனக்கு மூச்சுக் கோளாறு கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. பழைய குழல் என்றால் எவரெவரோ வாய் வைத்தது. சேகரிக்க ஆசை, வாயில் வைக்க முடியாது. ஊதாமல் வைத்தால் மரம் உலர்ந்து வெடித்துவிடும். அறுபத்தெட்டில் மூர் மார்க்கெட்டில் ஒரே குழலுக்கு நாம் இருவரும் கை நீட்டினோமே, அன்று நீர் "எடுத்துக்குங்க சார், ஊதிக் காட்டுங்க" என்றீர். என்ன சொல்வது என்று தெரியாமல் மூச்சு போதாது என்றேன். "அப்ப நான் ஊதறேன், நீங்க கேளுங்க" என்று வாங்கி வாசித்தீர். அப்படியே ஏற்பாடாகிவிட்டது. நான் வாங்குவது, நீர் ஊதிப் பழக்குவது, நான் வந்து கேட்பது. அதன் பிறகு உண்மையைச் சொல்ல நாள் தாண்டிவிட்டது.

மார்கழி வருகிறது. மார்கழியில் ஒரு நாள்கூட ஊதாமல் இருந்ததில்லை. என்ன செய்வது என்று தெரியவில்லை. உம் மேல் கோபம் இல்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை.

ஆராவமுதன்


கும்மிடிப்பூண்டி
25-10-1974

ஆராவமுதன் சாருக்கு,

உங்கள் கடிதத்தை விக்டோரியா படிக்கக் கேட்டேன். என் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. மூச்சுக் கோளாறு இல்லை என்ற இடத்தில் அவள் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். "மேல படி" என்றேன்.

ஆறு வருஷம் சார். உங்களுக்கு இளைப்பு என்று நினைத்து, ஏரிக்கரையில் ஆடாதொடை இலை பறித்து, நிழலில் காயவைத்து, வருஷம் தவறாமல் பரசுராமனிடம் கொடுத்தனுப்பினேன். மழைக்காலம் வந்தால் எனக்கு உங்கள் நெஞ்சைப் பற்றிக் கவலை. பக்கத்து வீட்டுக் கிரேஸ் அக்காவிடம் சொல்லி உங்கள் பெயருக்கு ஜெபம்கூடச் செய்ய வைத்தேன். ஆராவமுதன் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் "ஆராவது ஒரு ஐயா" என்று செய்தார்கள். அந்த இலையெல்லாம் என்ன ஆயிற்று? பரணில் இருக்கிறதா?

இன்னொரு சந்தேகம். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசல் பெஞ்சில் உட்காருவீர்கள். காபி கொடுத்தால் வயிறு சரியில்லை என்று கடை சோடா வாங்கி வரச்சொல்லிக் குடிப்பீர்கள். வயிறாவது உண்மையா?

இது என்னைப் பற்றியதல்ல என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் எங்களைப் பற்றி இல்லை என்று யார் எங்களிடம் சொன்னாலும் அது எங்களைப் பற்றித்தான் இருந்திருக்கிறது. எங்கள் அப்பா எளாவூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் சேற்றில் நின்றவர். அவர் அறுத்த நெல் எந்த எந்த மடப்பள்ளிக்கோ போயிருக்கும். அரிசிக்கு எச்சில் இல்லை. குழலுக்கு உண்டு. சரி.

தொழில்காரனாக ஒன்று கேட்கிறேன். குழல் செய்கிறவன் துளை போடும்போது ஒவ்வொரு துளைக்கும் ஊதி ஊதித்தான் சுருதி பார்ப்பான். ஊதாமல் குழல் செய்ய முடியாது. உங்கள் கடைசல்காரர் அதில் நூறு தடவை வாய் வைத்திருப்பார். அவர் யார், எந்தத் தெரு என்று கேட்டு வாங்கினீர்களா?

கடையில் காசு கொடுத்து வாங்கினால் தோஷமில்லை என்பீர்கள். அப்படியென்றால் வழி சுலபம். நானே உங்களுக்கு நாலணாவுக்கு விற்றுவிடுகிறேன். நானும் ஒரு கடைக்காரன் ஆகிவிடுகிறேன்.

பழக்குவதற்கு என்னிடம் இருக்கிற இரண்டு குழலையும் கட்டி வைத்திருக்கிறேன். இனி ஊதவில்லை. அலுப்பாக இருக்கிறது.

தானியேல்


திருவள்ளூர்
31-10-1974

ஸ்ரீ.

தானியேலுக்கு,

உமது யோசனையை எம்பார் ஸ்வாமியிடம் கேட்டேன். எங்கள் தெருவில் சாஸ்திரம் அறிந்த பெரியவர். காது கொஞ்சம் மந்தம், இரண்டு முறை உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று, தெருவே கேட்டது. யோசித்துவிட்டு, "பேஷாச் செய்யலாமே, கிரயத்துக்கு வந்த வஸ்துவுக்கு தோஷமில்லை" என்றார். ஆனால் நாலணா விளையாட்டுக் கிரயம். உசிதமான விலை கொடுக்க வேண்டும் என்றார்.

ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம். நான் அந்தக் குழலை முதல் தேதியன்று உமக்குத் தானமாகக் கொடுத்துவிட்டேன். நீர் இப்போது எனக்கு விற்கிறீர். பதினொரு ரூபாய் இன்று மணியார்டர் செய்திருக்கிறேன். பெற்றுக்கொண்டு குழலை அனுப்பிவைக்கவும். மார்கழிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. எனக்குப் பெரிய பாரம் இறங்கினாற்போல் இருக்கிறது. இந்த வழியைக் காட்டியவர் நீர்தான்.

ஆடாதொடை இலை பரணில் இல்லை. ஒவ்வொரு வருஷமும் கஷாயம் வைத்துக் குடித்தேன். வாங்கிய பிறகு எறிவது சரியல்ல என்று பட்டது. நோய் இல்லாதவன் குடித்தால் அது இன்னும் கசக்கும் என்று தெரிந்துகொண்டேன். கோதை, "எதுக்குப்பா குடிக்கறேள், வாந்தி வரப்போறது" என்பாள். ஒருமுறை வந்தது.

கிரேஸ் அம்மாளுக்கு என் வந்தனம் சொல்லவும்.

ஆராவமுதன்


கும்மிடிப்பூண்டி
7-11-1974

ஆராவமுதன் சாருக்கு,

போஸ்ட்மேன் வந்தபோது வாசலில் சின்னதுரை, பக்கத்து வீட்டார் எல்லாரும் இருந்தார்கள். கரண்ட் இல்லாத நாள். தெருவே வாசலில்தான் இருக்கும். "தானியேலு, உனுக்கு டப்பு வந்துகீது!" என்று போஸ்ட்மேன் கத்தினார். விக்டோரியா மணியார்டர் கூப்பனை வாங்கி உரக்கப் படித்தாள். "செம்மரக் குழல் ஒன்று, கிரயம்."

சின்னதுரை, "இன்னாபா, கொயலு யாவாரம் ஆரம்பிச்சிட்டியா? சொல்லவேயில்லியே" என்றான். என் கம்பெனியில் வெல்டர் அவன். நாளைக்குள் சேதி கம்பெனி கேட் வரைக்கும் போய்விடும்.

செண்பகம் என்னை உள்ளே கூப்பிட்டாள். "பதினோரு ரூவாயா. வாங்கிக்கய்யா. அவரு இன்னா நெனப்புல அனுப்சா உனுக்கு இன்னா? ஊட்ல எண்ணெய் இல்ல." அவள் சொன்னது நியாயம். நான் வெளியே போய், வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து செண்பகம் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள். எண்ணெய் இல்லாமல் கறுகத் தாளித்துப் போடுகிறாள்.

சார், நாலணா என்று நான் எழுதியது வயிற்றெரிச்சலில் எழுதியது. நீங்கள் அதை எடுத்துக்கொண்டுபோய் ஒரு பெரியவரிடம் தெருவெல்லாம் கேட்கக் கத்தி, சட்டம் பார்த்து, தானம் போட்டு, கிரயம் போட்டு வந்து நிற்கிறீர்கள். சந்தோஷமாக வேறு எழுதுகிறீர்கள். அதுதான் தாங்கவில்லை.

கடைக்காரன் வாய் சுத்தம், சிநேகிதன் வாய் எச்சில். பதினொரு ரூபாய் வாங்கிக்கொண்டால் நான் கடைக்காரன் ஆகிறேன். உங்களுக்குச் சௌகரியம். ஆறு வருஷமாக நான் அது இல்லை என்று நினைத்திருந்தேன். என்னை நான் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டுவிட்டேன், அவ்வளவுதான் தப்பு. இரும்புக் கடைசலில் அளவு தப்பினால் கழித்துப் போடலாம். இதில் எதைக் கழிப்பது என்று தெரியவில்லை.

காபி பற்றிக் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. பரவாயில்லை. பதில் வந்துவிட்டது.

செம்மரக் குழலையும் மற்ற இரண்டையும் பரசுராமனிடம் கொடுத்திருக்கிறேன். கையில் வாங்காவிட்டால் வாசற்படியில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். யாரும் யாருக்கும் தானம் கொடுக்கவில்லை, யாரும் விற்கவில்லை. விரிசலை அடைக்கச் சொன்னீர்கள், அடைத்தேன். கூலி வேண்டாம்.

எழுத வேறு ஒன்றும் இல்லை.

தானியேல்


திருவள்ளூர்
9-12-1974

ஸ்ரீ.

தானியேலுக்கு,

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். நீர் இதைப் பிரிக்காமல் வைத்துவிடவும் கூடும்.

பரசுராமன் வாசற்படியில் வைத்துவிட்டுப் போன குழல்கள் ஒரு மத்தியானம் பூராவும் அங்கேயே இருந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்த கோதை தாண்டாமல் நின்றாள். "இது என்னப்பா, பால்காரன் வெச்சுட்டுப் போன செம்பு மாதிரி?" என்றாள். எடுத்து உள்ளே வைத்தது அவள்தான். நான் எடுக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

போன வாரம் பட்டணம் போய்ப் புதுக் குழல் வாங்கலாம் என்று ஒரு வாத்தியக் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கம். ஆனாலும் உமக்குத்தான் சொல்லத் தோன்றுகிறது. கடைக்காரன் வாய் நிறைய வெற்றிலை. கண்ணாடிப் பீரோவிலிருந்து ஒரு குழலை எடுத்து, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கி, ஊதிக் காட்டினான். பனியனில் துடைத்து என்னிடம் நீட்டினான். "பாருங்க சாமி, சுருதி எப்டி நிக்குது!"

வாய் வைக்காத குழல் ஒன்று இருந்தால் கொடுக்கச் சொன்னேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஊதாம எப்டி சாமி விக்கிறது? நான் ஊதலன்னா செஞ்சவன் ஊதியிருப்பான். ஊதாத கொயலு வோணும்னா மூங்கத் தோப்புக்குத்தான் போவணும்." கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீர் எழுதியதையே அவனும் சொன்னான். அவனுக்கு நான் கடிதம் காட்டவில்லை.

வாங்கிக்கொண்டு வந்தேன். ரசீதும் இருக்கிறது. எம்பார் ஸ்வாமி சொன்னபடி அதற்கு ஒரு தோஷமும் கிடையாது. மறுநாள் விடியற்காலை ஸ்நானம் செய்து பெருமாளுக்கு முன் உட்கார்ந்து எடுத்தேன். அந்தச் சிவந்த உதடு கண் முன் வந்து நின்றது. முடியவில்லை. கீழே வைத்துவிட்டேன்.

பிறகு செம்மரக் குழலை எடுத்துப் பார்த்தேன். நீர் போட்ட நூல் கட்டு ஒரு இழைகூட விலகாமல் இருந்தது. புதுக் குழலை வாயில் வைக்க முடியாததற்குக் காரணம் அருவருப்பு. இதற்கு அது காரணமில்லை. உம்மை நான் ஒரு நாளும் அருவருத்ததில்லை. ஆறு வருஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, நீர் வாசிக்கும்போது உம் உதட்டை எப்படி மடிக்கிறீர், எங்கே மூச்சு எடுக்கிறீர் என்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அருவருப்பு இல்லையென்றால் பிறகு என்ன? அதன் பெயரை என் பேனா எழுத மறுக்கிறது. நீர் இருபத்தைந்தாம் தேதிக் கடிதத்தில் எழுதிவிட்டீர். உம் தகப்பனார் நின்ற சேற்றைப் பற்றி எழுதிய இடத்தில்.

வயிறும் பொய்தான்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க இதை எழுதவில்லை. ஒரு விஷயம் தெரிய வேண்டும். செம்மரக் குழல் இரண்டு மாதமாக ஊதப்படாமல் இருக்கிறது. இந்த நிலையில் முதல் நாள் எத்தனை நிமிஷம் ஊதலாம்? கட்டு தாங்குமா?

ஆராவமுதன்


கும்மிடிப்பூண்டி
13-12-1974

ஆராவமுதன் சாருக்கு,

கேட்டதற்கு மட்டும் பதில்.

முதல் மூன்று நாள் ஐந்து நிமிஷம். கூடாது, கூடாது, ஐந்துக்கு மேல் கூடாது. உலர்ந்த மரத்தில் உள்பக்கம் மட்டும் மூச்சு ஈரம் ஏறினால் உள்ளே உப்பும், வெளியே உப்பாது, மரம் பிளந்துவிடும். அதற்கடுத்த நான்கு நாள் பத்து நிமிஷம். ஊதி முடித்ததும் குச்சியில் துணி சுற்றி உள்ளே ஈரத்தை எடுத்துவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு. அதற்கு மேல் விட்டால் குழல் அப்பளம் பொரித்த வாசனை அடிக்கும். நான் விட்டுப் பார்த்திருக்கிறேன்.

மார்கழிக் குளிர் காற்றில் நேராக எடுத்து ஊதவேண்டாம். கொஞ்ச நேரம் கையில் பிடித்துச் சூடு ஏற்றிக்கொள்ளவும்.

கட்டு தாங்கும். நான் போட்டது.

வயிறு விஷயத்தை எழுதியதற்கு நன்றி. விக்டோரியாவைப் படிக்கச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் கண்ணாடியை இரவல் வாங்கி நானே படித்தேன். மூன்று தடவை. கண்ணாடி எனக்குப் பொருந்தாததால் தலைவலி வந்துவிட்டது.

செண்பகம் பேச ஆரம்பித்துவிட்டாள். எண்ணெய் இல்லை என்றுதான் பேசுகிறாள்.

தானியேல்


திருவள்ளூர்
19-12-1974

ஸ்ரீ.

தானியேலுக்கு,

இன்றோடு நான்கு நாள் ஆயிற்று.

முதல் நாள் நடந்ததை விட்டுவிடாமல் எழுதுகிறேன். பொய் போதும் என்று இருக்கிறது.

குழலைக் கையில் வைத்துக்கொண்டு நீர் சொன்னபடி சூடு ஏறக் காத்திருந்தேன். பிறகு ஈரத் துணியால் வாய்த்துளையைத் துடைத்தேன். காய்ந்த துணியால் இன்னொரு முறை. அதற்கு மேல் துளசி தீர்த்தமும் ஒரு சொட்டுத் தெளித்தேன். குழல் வாசிக்கிற எவரும் துடைக்கத்தான் செய்வர் என்று நீர் பெருந்தன்மையாக எழுதக்கூடும். வேண்டாம். நான் எதற்குத் துடைத்தேன் என்று எனக்குத் தெரியும். என் கை துடைத்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு வாயில் வைத்தேன். ஊதினேன். முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு வந்தது. ஐந்து நிமிஷம், கடியாரத்தைக் கோதை பார்த்துக்கொண்டாள். "போறும்பா, அவர் அஞ்சுன்னுதானே எழுதியிருக்கார்" என்று நிறுத்தினாள். கசிவு இல்லை. வளையத்தினால் குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது. முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள் அதில் கடைசியாகப் பட்டிருந்தது என் வாய்தான். ஆனாலும் துடைத்தேன். தீர்த்தம் தெளிக்கவில்லை. மூன்றாம் நாளும் துடைத்தேன். இன்று ஒரு முறை மட்டும்.

எம்பார் ஸ்வாமியிடம் சொல்லவில்லை. கேட்டால் சொல்வேன். அவர் கேட்கமாட்டார், நான் கிரயம் கொடுத்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் ஒரு பொய்தான். அதைத் திருத்த இன்னும் தெம்பு வரவில்லை. எனக்கு ஐம்பத்தேழு வயதாகிறது.

மற்ற பதினெட்டும் பெட்டியில் உலர்கின்றன. நீர் மறுபடி ஊத வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

ஆராவமுதன்


கும்மிடிப்பூண்டி
23-12-1974

ஆராவமுதன் சாருக்கு,

கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் வரவேண்டும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. எட்டு மணி நேர ஷிஃப்ட்டு முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தது போல இருந்தது. எல்லாவற்றுக்கும் சிரிப்புக் காட்டிப் பழகிவிட்டேன். இதற்குக் காட்ட முடியவில்லை. அதற்காக என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் ஒளிக்காமல் எழுதினீர்கள். நானும் ஒன்று எழுதுகிறேன். மூர் மார்க்கெட்டிலிருந்து வந்த உங்கள் குழல்களை வாங்கியதும் நேராக வாயில் வைத்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இல்லை. முதலில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பேன். பிறகு சோப்புத் தண்ணீர். மிலிட்டரிக் குழலை மூன்று நாள் வெயிலில் வைத்தேன். எந்த வெள்ளைக்காரச் சிப்பாய், என்ன வியாதியோ. எவன் எவன் வாயோ என்று எனக்கும்தான் இருந்தது. உங்களிடம் சொன்னதில்லை.

ஆனால் உங்கள் செம்மரக் குழலை நான் துடைக்கவில்லை சார். பரசுராமன் கொடுத்ததும் துண்டைப் பிரித்தேன், கட்டுப் போட்டேன், அப்படியே வாயில் வைத்தேன். துடைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இதை உங்களைக் குத்திக்காட்டுவதற்காக எழுதுகிறேனா என்று இரண்டு தடவை யோசித்தேன். கொஞ்சம் அதற்காகவும்தான்.

பதினெட்டுக் குழலையும் வெடிக்க விட முடியாது. மரம் நம் சண்டைக்கு என்ன செய்யும்? முதலில் கருங்காலிக் குழலைப் பரசுராமனிடம் கொடுத்தனுப்புங்கள். ஒரு வாரம் நான் ஊதுகிறேன். சனிக்கிழமை உங்களுக்குத் திருப்பி அனுப்புகிறேன். அடுத்த வாரம் நீங்கள் ஊதுங்கள். நான் கேட்பவன், நீங்கள் ஊதுபவர் என்று ஒரு நாள் நீங்களே இங்கே வந்தாலும் சரி. பெஞ்சு இருக்கிறது. காபி பற்றி இப்போது ஒன்றும் பேசவேண்டாம்.

துடைக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் மறுபடி பொய் எழுதுவீர்கள். எனக்கு இன்னொரு பொய்யைத் தாங்கத் தெம்பு இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் குழலைத் திருப்பி அனுப்பும்போது எத்தனை முறை துடைத்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதித் துண்டுக்குள் வையுங்கள். குறைந்தாலும் எழுதுங்கள். குறையாவிட்டாலும் எழுதுங்கள்.

தானியேல்